அஞ்சு பல்பு எரியவிட்ட இளவரசர்

1904 ஜூலை 4. இத்தாலியின் டஸ்கனியில், மலைகளுக்கு நடுவுல இருக்கிற லார்டெரெல்லோங்கிற ஊர். ஒரு சின்ன பிஸ்டன் எஞ்சின், அதோட ஒரு டைனமோ, அஞ்சு பல்பு. அஞ்சும் எரிஞ்சது. நம்ம முதல் வருஷ லேபில் இதைவிடப் பெரிய செட்டப் இருக்கும். ஆனா அந்த எஞ்சினை ஓட்ட விறகு எரிக்கல, நிலக்கரி எரிக்கல. பூமிக்குள்ள இருந்து வந்த சூடுதான் ஓட்டுச்சு. பக்கத்துல நின்னவர் பியரோ ஜினோரி கோன்ட்டி.

1865-ல் ஃப்ளோரன்ஸில் பிறந்தவர். பட்டம் இளவரசர், தொழில் ஆசிட் கம்பெனி. அந்தக் கம்பெனி மனைவி வழியா வந்தது. 1894-ல் அவர் கல்யாணம் பண்ணினது லார்டெரெல் குடும்பத்துப் பெண்ணை. ஊர் பேரே அந்தக் குடும்பத்தோடது.

அந்த ஊரைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். தரை வெடிப்புகள்ல இருந்து நீராவி சீறிக்கிட்டே இருக்கும், சேத்துக் குட்டைகள் கொதிக்கும், அழுகின முட்டை வாடை அடிக்கும். ஜனங்க வச்ச பேரு பேய்ப் பள்ளத்தாக்கு. 1777-ல் அந்தக் குட்டைத் தண்ணியில போரிக் ஆசிட் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. (நம்ம லடாக்கில் பூகா பள்ளத்தாக்கும் இப்படித்தான்: வெந்நீர் ஊற்று, கந்தகம், போராக்ஸ் எல்லாம் ஒரே இடத்துல.) 1818-ல் ஃபிரான்ஸ்வா டி லார்டெரெல்ங்கிற பிரெஞ்சுக்காரர் அங்க தொழில் ஆரம்பிச்சார். ஆசிட் எடுக்கத் தண்ணியை வத்தக் காய்ச்சணும், அதுக்கு மலைமலையா விறகு. சுத்தி இருந்த காடு கரைய ஆரம்பிச்சது. 1827 வாக்கில் குட்டைகள் மேல செங்கல்ல மூடி கட்டி, வீணாப் போன நீராவியைப் பிடிச்சு அதாலயே காய்ச்சினார். காடு தப்பிச்சது, செலவும் குறைஞ்சது. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கதையில பாதிப் புகழ் அவருக்குத்தான் போகணும்.

ஜினோரி கோன்ட்டி கைக்கு நிர்வாகம் வந்தப்போ போராக்ஸ் வியாபாரம் சுகமா இல்ல, அமெரிக்கச் சரக்கு மலிவா வந்து இறங்கிடுச்சு. ஆசிட்டை மட்டும் நம்பினா கம்பெனி நிக்காது, ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு வேலையும் போகும். கையில மிச்சம் இருந்தது நீராவி ஒண்ணுதான்.

ஆனா அதை நேரா எஞ்சினுக்குள்ள விட முடியாது. பூமியிலிருந்து வர்றது சுத்தமான நீராவி இல்ல, கார்பன் டை ஆக்ஸைடு, ஹைட்ரஜன் சல்பைடு, போரான் எல்லாம் கலந்தே வரும். உலோகத்தை அரிச்சுடும். இளவரசர் செஞ்சது நமக்கெல்லாம் தெரிஞ்ச ஹீட் எக்ஸ்சேஞ்சர். பூமியின் நீராவி சூட்டை மட்டும் கொடுக்கும், அந்தச் சூட்டில் நல்ல தண்ணி ஆவியாகி எஞ்சினை ஓட்டும். வெப்பத்துல கொஞ்சம் நஷ்டம், ஆனா மெஷின் பிழைக்கும். எஃபிஷியன்சியை விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கின இந்த முடிவுதான் அவர்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது. அஞ்சு பல்போட நின்னிருந்தா அது வெறும் வேடிக்கைதான். அடுத்த வருஷம் 20 கிலோவாட், 1913-ல் 250 கிலோவாட் டர்பைன், அக்கம்பக்கத்து ஊருக்கும் கரன்ட் போனது. உலகத்தின் முதல் வணிகரீதியான புவிவெப்ப மின் நிலையம் அதுதான்.

அரசியல்லயும் இருந்தார். எம்.பி., அப்புறம் செனட்டர். முசோலினி காலத்திலும் அந்த நாற்காலி அவர்கிட்டயே இருந்தது, அதையும் சொல்லாம விட முடியாது. 1939 டிசம்பர்ல ஃப்ளோரன்ஸில் இறந்தார். அவர் ஆரம்பிச்சது சில வருஷத்துல 100 மெகாவாட்டைத் தாண்டினதை அவர் பார்க்கல. 1944-ல் பின்வாங்கின ஜெர்மன் படை கிட்டத்தட்ட மொத்தத்தையும் தகர்த்ததையும் பார்க்கல. போர் முடிஞ்சதும் திரும்பக் கட்டினாங்க. 1958-ல் நியூசிலாந்தின் வைராகெய் வர்ற வரைக்கும் பெரிய அளவுல இந்த மின்சாரம் எடுத்த நாடு இத்தாலி மட்டும்தான்.

அதுக்கப்புறம்தான் நிஜமான சிக்கல். பூமிக்கு அடியில சூடு இருக்கு, அதைத் தூக்கிட்டு வர்ற தண்ணி அளவாத்தான் இருக்கு. மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா இறங்கிச் சேர ரொம்பக் காலம் ஆகும். ஊறுறதை விட வேகமா இறைச்சா எந்தக் கிணறும் வத்தும்தானே? லார்டெரெல்லோவில் கிணறு கூடக் கூட நீராவியின் அழுத்தம் இறங்கிக்கிட்டே போச்சு. போதாததுக்கு டர்பைன்ல குளிர்ந்து வந்த போரான் தண்ணியை எங்க விடுறதுன்னு ஒரு தலைவலி, ஓடையில விட்டா பயிர் போகும். 1970-களில் ரெண்டுக்கும் ஒரே வழி எடுத்தாங்க: அந்தத் தண்ணியை வேற கிணறு வழியா திரும்ப உள்ளே அனுப்பினாங்க. கண்ட இடத்துல விட முடியாது, உற்பத்திக் கிணத்துக்குப் பக்கத்துல விட்டா பாறை குளிர்ந்து போகும். தப்பான ஆழத்துல அழுத்தினா சின்னச் சின்ன நிலநடுக்கம் வரலாம், அதனால நில அதிர்வுக் கருவிகளை வச்சு கண்காணிச்சுக்கிட்டே இருக்காங்க. கார்பன் டை ஆக்ஸைடும் முழுசா நிக்கல, ஹைட்ரஜன் சல்பைடை வடிகட்டத் தனி அமைப்பு வச்சிருக்காங்க.

இன்னைக்கு டஸ்கனியின் மின்சாரத்துல சுமார் மூணுல ஒரு பங்கு பூமிக்கு அடியிலிருந்துதான் வருது. திருப்பி அனுப்பின தண்ணியில ஒரு பகுதி மறுபடி நீராவியாகி, அதே டர்பைனுக்கு வந்துக்கிட்டு இருக்கு.