பீர் ஆலையில் பிறந்த கணக்கு

அயர்லாந்தில், டப்ளின் நகரில் உள்ளது கின்னஸ் பீர் ஆலை. 1899-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் 23 வயது வாலிபர் காசெட்.

எந்தப் பார்லி நல்லது? பயிரிட்டுப் பார்க்கலாம். ஆனால் சில வயல்களில்தான் முடியும். அதை நம்பலாமா?

கிடைத்த வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று காட்டும் கணக்கை 1908-ல் வெளியிட்டார். சொந்தப் பெயர் போட ஆலை விடவில்லை. மாணவர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்!

வித்தியாசம் உண்மை என்றால் போதுமா? மூட்டைக்கு ஒரு காசுதான் மிஞ்சும் என்றால் முதலாளி பணம் போடுவாரா? லாபத்தையும் சோதனைச் செலவையும் பார்த்த பிறகே, எவ்வளவு நிச்சயம் தேவை என்று தீர்மானிக்கவேண்டும். இதை 1905-லேயே பேராசிரியர் கார்ல் பியர்சனுக்கு எழுதினார்.

பின்னால் வந்தவர்களில் பலர் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள், காசை மறந்தார்கள். காசெட் மறக்க முடியுமா? 1937-ல் காலமாகும்வரை அதே கம்பெனியில்தான் அவருக்குச் சம்பளம்!