மூச்சு வாங்கியது... கேமரா சின்னதானது! - 'லைக்கா' தந்த ஆஸ்கர் பார்னாக்கின் கதை

உங்க போன் கேமராவைத் திறந்து செட்டிங்ஸ் பக்கம் கொஞ்சம் நோண்டிப் பாருங்க. சில போன்களில் 24 மி.மீ, 35 மி.மீ என்று எண்கள் கண்ணில் படும். போனோட மொத்தத் தடிமனே ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அதுக்குள்ள 24 மி.மீ லென்ஸ் எப்படி உட்காரும்? உட்காராது. அது வெறும் ஒப்பீட்டுக் கணக்கு. 24 மி.மீ உயரமும் 36 மி.மீ அகலமும் உள்ள ஒரு ஃபிலிம் ஃப்ரேமை வைத்துக்கொண்டு, அதன் முன் எந்த லென்ஸ் இருந்தால் இதே அளவு காட்சி விழும் என்று போட்ட கணக்கு. லட்சக்கணக்கில் விலை சொல்லும் 'ஃபுல் ஃப்ரேம்' டிஜிட்டல் கேமராவின் சென்சாரும் அதே 24-க்கு 36தான்.

இந்த அளவை உலகத்துக்கே பழக்கிவிட்டவர் ஒரு மெக்கானிக். காலேஜ் பக்கம் போனவர் இல்லை. வருஷத்தில் பாதி நாள் உடம்பு படுத்தும். பெயர், ஆஸ்கர் பார்னாக். அவர் உருவாக்கிய கேமரா, லைக்கா. (நம்ம ஊரில் இந்தப் பெயரைச் சொன்னதும் சினிமா கம்பெனி ஞாபகம் வரும். இது வேற!)

பெர்லினுக்குத் தெற்கே, பிராண்டன்பர்க் பகுதியில் லீனோ என்ற சின்ன கிராமத்தில் 1879 நவம்பர் 1 அன்று பிறந்தார் பார்னாக். பதின்பருவத்திலேயே பெர்லினில் வானியல் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் கற்கச் சேர்ந்துவிட்டார். தலைமுடி அளவு பிசகினாலும் நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் என்கிற வேலை. கை அங்கேதான் பழகியது. பிறகு ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்த்து, 1902-ல் யேனா நகரிலிருந்த புகழ்பெற்ற ஸைஸ் லென்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்.

யேனாவைச் சுற்றி துரிங்கியா காடுகளும் மலைகளும். விடுமுறை வந்தால் நடை, போட்டோ. பார்னாக்குக்கு இரண்டும் உயிர். ஆனால், இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் சிக்கல். அன்றைக்கு ஓரளவு பெரிய படம் வேண்டும் என்றால் 13-க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு மாட்டும் பெட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு போகணும். ஒரு தகட்டில் ஒரு படம்தான். பத்துப் படம் எடுக்கணும்னா பத்துக் கண்ணாடி. அதுக்கு உறைகள், அதையெல்லாம் போட ஒரு தோல் பெட்டி, அப்புறம் ஸ்டாண்ட். நல்ல உடம்புக்காரனுக்கே மேட்டில் ஏறும்போது நாக்கு தள்ளும். பார்னாக்குக்கோ ஆஸ்துமா.

நம்மில் பலர் இந்த இடத்தில் போட்டோவை விட்டிருப்போம். இல்லைன்னா நடையை விட்டிருப்போம். அவர் பெட்டியைக் குறை சொன்னார். ஏன் இவ்வளவு பெரிசா இருக்கணும்? சின்னதாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிசாக்கிக்கொண்டால் என்ன? 1905 வாக்கில் ஒரே தகட்டில் பல குட்டிப் படங்களைப் பதிந்து பார்த்தார். பெரிசாக்கியதும் படம் முழுக்க மணல் தூவியது மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. தகட்டில் பூசிய ரசாயனத்தின் துகள்கள் அவ்வளவு பெரிசு. யோசனை சரி, அதைத் தாங்கும் பொருள்தான் இன்னும் வரவில்லை. அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

ஸைஸில் உடன் வேலை பார்த்த எமில் மெக்காவ், வெட்ஸ்லர் நகரில் மைக்ரோஸ்கோப் தயாரிக்கும் லைட்ஸ் கம்பெனிக்கு மாறியிருந்தார். அவருடைய சிபாரிசில் 1911 ஜனவரியில் பார்னாக்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். சோதனைப் பட்டறையின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அடிக்கடி படுத்துவிடும் ஒரு மனிதரை நம்பி ஒரு கம்பெனி இப்படி ஒரு இடத்தைக் கொடுத்திருக்கிறது. இன்றைய ஹெச்.ஆர்-கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

லைட்ஸில் அப்போது சினிமா ஆர்வம் ஓடிக்கொண்டிருந்தது. மெக்காவ் புரொஜெக்டரில் மூழ்கியிருக்க, பார்னாக் தன் பங்குக்கு ஒரு சினிமா கேமரா செய்தார். அதில் ஒரு தலைவலி. வெளிச்சக் கணக்கு தப்பினால் ஃபிலிம் சுருள் மொத்தமும் குப்பை. அதனால் சினிமா ஃபிலிமில் ஒரு துண்டை மட்டும் போட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு குட்டிக் கருவி தேவைப்பட்டது என்று சொல்கிறார்கள். அந்தத் தேவையும் மலையேறும்போது வந்த பழைய யோசனையும் ஒரே மேஜையில் சந்தித்தன. ஏனென்றால், சினிமா ஃபிலிமின் துகள்கள் கண்ணாடித் தகட்டைவிட நுண்மையானவை. திரையில் அத்தனை பெரிசாகக் காட்டத்தானே அதைச் செய்கிறார்கள்!

சினிமா கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு ஃப்ரேமின் அளவு 18-க்கு 24 மி.மீ. பார்னாக் ஃபிலிமைப் படுக்க வைத்து ஓடவிட்டார். இரண்டு சினிமா ஃப்ரேம்களை ஒன்றாகச் சேர்த்தால் 24-க்கு 36. இன்றைக்கு நம் போன் கணக்குப் போடும் ஃப்ரேம் அங்கே பிறந்ததுதான்.

1914-க்குள் முதல் மாதிரி தயார். உலோக உடம்பு, கோட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் அளவு. ஃபிலிமை ஒரு படம் தள்ளுவதற்கான குமிழைத் திருப்பினால், ஷட்டரும் கூடவே தயாராகிவிடும். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால், ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படம் எடுத்துத் தொலைக்கும் அபாயம் அந்த ஒரு இணைப்பில் போய்விட்டது. எனக்கு அந்தக் கேமராவிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். எடுப்பவன் மறதிக்காரன் என்பதைத் தெரிந்து செய்திருக்கிறார் மனுஷன்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போருக்கு ஜெர்மனி படை திரட்டியது. வெட்ஸ்லர் தெருவில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, பார்னாக் தன் குட்டிக் கேமராவோடு அங்கே நின்றார். ஸ்டாண்ட் விரிக்கவில்லை, யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லவில்லை. 1920-ல் வெட்ஸ்லருக்குள் வெள்ளம் புகுந்தபோதும் தண்ணீர் நின்ற தெருக்களை வரிசையாகப் படமெடுத்தார். பத்திரிகையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால், இன்று சம்பவ இடத்தில் போனை எடுத்து நாம் செய்வதை அவர் அன்றே செய்துவிட்டார்.

போர் வந்ததால் கேமரா கிடப்பில் விழுந்தது. 1920-ல் முதலாளி லைட்ஸ் இறந்து, மகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் பொறுப்புக்கு வந்தார். 1914-லேயே இந்த மாதிரியை நியூயார்க்குக்கு எடுத்துப்போய்ப் படமெடுத்துப் பார்த்தவர் அவர். ஆனால், நேரம் சரியில்லை. 1923-ல் ஜெர்மனியின் பணவீக்கம் உச்சத்துக்குப் போனது. காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் ரொட்டிக்குக்கூட காணாத காலம். அந்தச் சூழலில் இருபது சொச்சம் சோதனைக் கேமராக்களைச் செய்து, ஆட்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். 'நல் சீரிஸ்' என்று இன்று கலெக்டர்கள் உருகுவது இவற்றைத்தான். அதில் ஒரு குறை இருந்தது. ஷட்டரை இழுத்துத் தயார் செய்யும்போது அதன் இடுக்கு வழியே வெளிச்சம் உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் லென்ஸுக்கு மூடி போட்டே ஆகணும். வந்த கருத்துகளும் பாதி பாராட்டு, பாதி உதட்டுப் பிதுக்கல்.

1924 ஜூனில் கம்பெனிக்குள் நீண்ட கூட்டம். மைக்ரோஸ்கோப் செய்யும் கம்பெனிக்குக் கேமரா எதற்கு? இந்தச் சின்ன நெகட்டிவை யார் மதிப்பார்கள்? தோற்றால் யார் பொறுப்பு? எதிர்த்துப் பேசியவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை, ஊரே திவாலாகிக் கிடந்தது. இன்னொரு பக்கம், புதுசாக ஒரு பொருள் வராவிட்டால் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேலை இருக்காது என்ற கவலை லைட்ஸுக்கு. கடைசியில் ரிஸ்க் எடுப்பது என்று முடிவு செய்தார். பார்னாக்குக்கு அப்போது 44 வயது. பெட்டி தூக்கிக் களைத்த நாள்களிலிருந்து கணக்குப் போட்டால், ஏறக்குறைய 20 வருஷக் காத்திருப்பு.

1925-ல் லைப்ஸிக் நகரின் வசந்தகாலக் கண்காட்சியில் லைக்கா வெளியே வந்தது. லைட்ஸ், கேமரா இரண்டிலும் முதல் எழுத்துகளைக் கிள்ளி எடுத்த பெயர். அதற்கு லென்ஸ் செய்தவர், அதே கம்பெனியின் மேக்ஸ் பெரெக். தொடக்கக் கால லென்ஸ் ஒன்றுக்கு எல்மேக்ஸ் என்று பெயர். எர்ன்ஸ்ட் லைட்ஸும் மேக்ஸும் சேர்ந்தது அது. பிறகு வந்த 50 மி.மீ எல்மார் தான் பெரிய ஹிட். பெரெக்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அத்தனை சின்ன நெகட்டிவைப் பெரிசாக்கினாலும் படம் கூர்மை குறையாமல் நின்றதில் பாதிப் புகழ் அவருக்கு.

ஸ்டுடியோக்காரர்கள் பொம்மை என்று சிரித்தார்கள். சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பிராங்க்பர்ட்டில் பால் வோல்ஃப், மாஸ்கோவில் ரோட்சென்கோ, 1930-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் என்று ஒவ்வொருவராக இந்தக் குட்டிக் கேமராவைக் கையிலெடுத்தார்கள். அதற்குப் பிறகு தெருவில் நடப்பவர்கள் கேமரா இருப்பதே தெரியாமல் படத்துக்குள் வந்தார்கள்.

பார்னாக் ஓயவில்லை. 1930-ல் லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதி, 1932-ல் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர், 1933-ல் மெதுவான ஷட்டர் வேகங்கள் என்று மாடலுக்கு மாடல் மெருகேறியது. உடம்பு மட்டும் மெருகேறவில்லை. 1936 ஜனவரி 16 அன்று, பாட் நௌஹைம் என்ற ஊரில் காலமானார். வயது 56.

இனி நம் காலத்துக்கு வருவோம். 'நல் சீரிஸ்' கேமராக்களில் 105-ம் எண் பார்னாக்கே சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியது. வியூஃபைண்டரின் மேலே அவர் பெயர் பொறித்திருக்கும். 2022 ஜூனில் வெட்ஸ்லரில் அது ஏலத்துக்கு வந்து, கமிஷன் எல்லாம் சேர்த்து 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்கு ஏறக்குறைய 118 கோடி ரூபாய்! உலகிலேயே அதிக விலைக்கு ஏலம் போன கேமரா என்று செய்தி வந்தது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு மெக்கானிக், தன் குடும்பத்தையும் ஊரையும் படமெடுத்த கேமரா அது. அதில் இனி யாரும் ஃபிலிம் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மலையேற வசதியாகச் செய்த ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காருவதில் எனக்கு வருத்தம்தான். கலெக்டர்கள் கோவிச்சுக்காதீங்க.

நல்ல வேளை, எல்லா லைக்காவும் 105-ம் நம்பர் இல்லை. லென்ஸைத் திருகி மாட்டும் அந்தக் கால மாடல்களை இன்றும் உலகமெங்கும் 'பார்னாக் லைக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டதால் தேடினால் கிடைக்கும். இன்னொரு ஆச்சர்யம், இன்று கடையில் வாங்கும் 35 மி.மீ ஃபிலிம் ரோலை 1920-களின் லைக்காவிலும் போடலாம். ஃபிலிமின் முனையை மட்டும் கத்தரிக்கோலால் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாதி அகலமாக வெட்டிக்கொள்ளணும். பின்கதவு கிடையாது, அடிமூடியைக் கழற்றி, கீழிருந்து மேலே செருகணும். முதல் ரெண்டு தடவை எரிச்சலாகும், மூன்றாவது தடவை கை பழகிடும்.

வாங்கப் போறவங்க உஷாரா இருக்க வேண்டிய இடம் ஒண்ணு உண்டு. பார்னாக் உயிரோடு இருந்தபோதே, 1934-ல், சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் லைக்காவை அப்படியே பார்த்து 'ஃபெட்' என்ற கேமராவைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். செய்தது, ஆதரவற்ற சிறுவர்களுக்காக நடந்த ஒரு குடியிருப்பின் தொழிற்கூடம். ஃபெட் நல்ல கேமராதான், விலையும் குறைவு, பழகுவதற்கு அதையே வாங்கலாம். பிரச்னை என்னன்னா, பிற்காலத்தில் யாரோ ஃபெட், ஸோர்க்கி கேமராக்களுக்குத் தங்க முலாம் பூசி, லைக்கா பெயரையும் பொறித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றும் ஆன்லைனில் சுற்றுகின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி, லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்க. லென்ஸின் அசைவை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்லும் ஒரு சின்னக் கை இருக்கும். நிஜ லைக்காவில் அதன் நுனியில் குட்டி உருளை. சோவியத் கேமராவில் பெரும்பாலும் ஆப்பு மாதிரி இருக்கும்.

அடுத்தது ஷட்டர். அது ரப்பர் பூசிய துணி. வயதானால் வெடிப்பு விடும், ஊசித்துளை விழும். லென்ஸைக் கழற்றிட்டு, இருட்டு அறையில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிஞ்சிடும். அப்படியே லென்ஸுக்குள்ளேயும் டார்ச் அடிங்க, சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. நம்ம ஊர்க் கடற்கரைக் காற்றில் அது சீக்கிரம் வளரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. வெயிலில் எடுத்துப் போறப்ப மட்டும் லென்ஸ் மூடியை மறக்காதீங்க. மூடி இல்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவது மாதிரி அந்தத் துணி ஷட்டரில் ஓட்டை போட்டுவிடும்.