ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நாடகம்: யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்?

2019-ல் நடந்த நடிகர் சங்கத் தேர்தல் ஞாபகம் இருக்கா? நாசர், விஷால் தரப்பு 'பாண்டவர் அணி'. எதிரே பாக்யராஜ் தலைமையில் நின்றது 'சுவாமி சங்கரதாஸ் அணி'. டிவி விவாதங்களிலும் மீம்ஸ்களிலும் அந்தப் பெயர் வாரக்கணக்கில் ஓடியது. சென்னை ஹபிபுல்லா சாலையில் நடிகர் சங்கத்தின் பழைய கட்டடத்தில் இருந்த அரங்கத்துக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர்தான்.

ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு சினிமாவில்கூட நடித்ததில்லை. தமிழில் பேசும் படம் வருவதற்கு 9 வருடம் முன்பே இறந்துவிட்டார். அப்புறம் ஏன் சினிமாக்காரர்கள் இன்னும் அவர் பெயரைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்? பதில் தூத்துக்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது.

உப்புக் கணக்கு எழுதியவர்

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டி. அன்றைக்கு இது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான். இந்த ஊரில் 1867 செப்டம்பர் 7 அன்று தாமோதரன் - பேச்சியம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் சங்கரன். அப்பா நன்கு தமிழ் படித்தவர். மகனுக்கு முதல் வாத்தியாரும் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் இலக்கணம், யாப்பு எல்லாம் கற்றார். வெண்பாவும் சந்தமும் கைக்கு வந்தது அங்கேதான்.

ஆனால் பாட்டு எழுதினால் சோறு கிடைக்குமா? படிப்பு முடித்த சங்கரன் கொஞ்ச காலம் தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலை பார்த்தார்.

அந்தக் காலத் தூத்துக்குடி சின்ன ஊர் இல்லை. முத்துக்குளிப்பு, சங்கு, உப்பு என்று கடலை நம்பி ஒரு பெரிய வியாபாரம் அங்கே நடந்தது. 1870-களிலேயே ரயில் வந்துவிட்டது. கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் இங்கே வந்துதான் ஏற வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை இதுதான் நிலைமை. கையில் காசு புழங்கும் துறைமுக ஊர் என்றால் பொழுதுபோக்கும் தேடி வரும். நாடகக் கம்பெனிகளுக்கு இப்படிப்பட்ட ஊர்கள்தான் வசூல் மையம்.

24 வயதில் மேடை

1891-ல், 24 வயதில், சங்கரதாஸ் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நாடகத்துக்குப் போனார். ராமுடு ஐயர், கல்யாணராமையர் நடத்திய குழுவில் சேர்ந்தார். அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். அது வக்கீல்களும் அரசு அதிகாரிகளும் ஆர்வத்துக்காக நடித்த சபை. சங்கரதாஸ் போனது வேறு உலகம். நடித்தால்தான் சாப்பாடு என்ற தொழில்முறைக் கம்பெனி. அந்த நடிகர்களைக் கூத்தாடி என்று ஊர் இளக்காரமாகப் பார்த்த காலம் அது.

நல்ல உயரம், கனத்த குரல். அதனால் அவருக்கு வந்தவை பயமுறுத்தும் வேஷங்கள்: இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் வருகிறது. நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் சம்பவம் இது. நளதமயந்தி நாடகம் விடியற்காலை முடிகிறது. சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்காமலேயே நீர்நிலைக்குப் போகிறார். அங்கே இருந்த ஒரு பெண் அரையிருட்டில் அந்தக் கோலத்தைப் பார்த்து, பயத்தில் அங்கேயே உயிரை விடுகிறார். எமன் வேஷத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்று இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். முடிவு மட்டும் எல்லோர் சொல்வதிலும் ஒன்றுதான்: இனி வேஷம் கட்டுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார்.

ஒரு நடிகருக்கு இது லேசான முடிவு இல்லை. மேடையில் நன்றாக நடித்ததற்கே கிடைத்த தண்டனை மாதிரி. இருந்த ஒரே வருமானத்தையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

'சுவாமிகள்' ஆனது எப்படி?

நடிப்பை விட்டபின் துறவு மனநிலையில் கோயில் கோயிலாகப் போனார். காவி உடை நிரந்தரமானது. 'சுவாமிகள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். குடும்பம் என்று ஒன்றை அவர் அமைத்துக்கொள்ளவே இல்லை.

புதுக்கோட்டையில் அவரை மீண்டும் கலைக்குள் இழுத்தவர் மான்பூண்டியா பிள்ளை. இன்று கச்சேரிகளில் வாசிக்கும் கஞ்சிராவுக்கு மூலவராகக் கருதப்படும் லய மேதை. சுவாமிகளைத் தன் சுவீகாரப் பிள்ளை போலவே வைத்துக்கொண்டார். தாளக் கணக்கின் நுணுக்கங்கள் இங்கே பழகின. பழனியில் கற்ற யாப்பும் புதுக்கோட்டையில் கற்ற லயமும் சேர்ந்ததுதான் பின்னாளில் அவர் எழுதிய சந்தப் பாடல்கள்.

மேடைக்குத் திரும்பினார், ஆனால் நடிகராக இல்லை, வாத்தியாராக. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேஸ்வரையர், பி.எஸ்.வேலு நாயர் என்று பலருடைய சபைகளுக்கு நாடகம் எழுதி, பாட்டுக் கட்டி, நடிப்புச் சொல்லிக் கொடுத்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தானே தொடங்கினார். பின்னாளில் தமிழ் மேடையின் சூப்பர் ஸ்டார் ஆன எஸ்.ஜி.கிட்டப்பாவுக்குச் சிறு வயதில் இங்கே பயிற்சி கிடைத்தது.

அவர் அப்படி என்ன மாற்றினார்?

அன்றைய நாடகத்தில் பெரும்பாலும் கதை தெரியும், பாட்டு இருக்கும். வசனம் மட்டும் நடிகர் வாய்க்கு வந்தபடி. போட்டிக்கு வசனம் பேசி, எதிரே நிற்பவரை மடக்கிக் கைதட்டு வாங்குவதே குறி. சில நேரம் அது கொச்சையாகவும் போகும். குடித்துவிட்டு மேடை ஏறுகிறவர்கள், பாதி சீசனில் வேறு கம்பெனிக்கு ஓடுகிறவர்கள் என்று தலைவலிகள் வேறு.

சுவாமிகள் செய்தது நேரடியான வேலை. காட்சி காட்சியாக வசனத்தையும் பாட்டையும் எழுதி வைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, சதி சுலோசனா, லவகுசா என்று நீளும் பட்டியல். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டும் சமஸ்கிருத மிருச்சகடிகமும்கூட அதில் உண்டு. மொத்தம் 68 நாடகங்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அச்சில் கிடைப்பவை அதில் ஒரு பகுதிதான்.

அவருடைய வள்ளி வேலனிடம் வாயடைத்து நிற்க மாட்டாள். எதிர்த்து வாதம் செய்வாள். சாவித்திரி எமனையே பேசி மடக்குவாள். மேடைக்காரர்கள் இதைத் 'தர்க்கம்' என்பார்கள். ஆடியன்ஸ் காத்திருப்பதும் அதற்குத்தான். பின்னாளில் பெண்கள் மேடைக்கு வந்தபோது, அவர்கள் திறமையைக் காட்ட இந்த வேஷங்கள் தயாராக இருந்தன. கே.பி.சுந்தராம்பாள் வள்ளியாகவும் கிட்டப்பா வேலனாகவும் ஜோடி சேர்ந்த வள்ளி திருமணம் 1920-களில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கூட்டத்தை அள்ளியது.

பாய்ஸ் கம்பெனி

பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்துக்கு அந்தக் காலம் கண்டுபிடித்த தீர்வு, சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் போடுவது. பையன்களைச் சின்ன வயதிலேயே சேர்த்து, கூடவே தங்கவைத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் மனப்பாடம் ஆகும்வரை விடமாட்டார்கள். பெண் வேஷமும் பையன்களுக்கே. குரல் உடையும் 'மகரக்கட்டு' வயது வந்தால் பாட்டும் போச்சு, வேஷமும் போச்சு. கண்டிப்பும் அடியும் நிறைந்த வாழ்க்கைதான். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

1918-ல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு சுவாமிகள்தான் ஆசிரியர். அந்த வருடமே அங்கே சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அதில் டி.கே.சண்முகத்துக்கு வயது 6. அந்தப் பையனுக்காக ஒரே இரவில் உட்கார்ந்து அபிமன்யு சுந்தரி நாடகத்தை முழுசாக எழுதி முடித்தார் சுவாமிகள். பல மணி நேரம் ஓடும் நாடகம் அது. 'எனது நாடக வாழ்க்கை' என்ற தன் சுயசரிதையில் சண்முகம் இதைப் பதிவு செய்திருக்கிறார். சுவாமிகளைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்த மாணவர் சொல்லித்தான்.

இங்கிருந்து கிளைகளைப் பாருங்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் பின்னர் தொடங்கிய குழுவில் வளர்ந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். ஔவையார் வேஷத்தால் சண்முகம் 'அவ்வை சண்முகம்' ஆனார். அவர் குழுவில் சிறுவனாக நடித்தவர் கமல்ஹாசன். 'அவ்வை சண்முகி' என்ற படத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர்.ராதா எல்லோரும் வெவ்வேறு கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் என்றாலும், அவை எல்லாம் இதே வகைப் பள்ளிகள்தான்.

பேச்சு நின்ற வாத்தியார்

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது. அதைவிடக் கொடுமை, பேச்சு போய்விட்டது. நூற்றுக்கணக்கான பையன்களுக்கு ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர், தன் பாட்டை இன்னொருவர் தப்பாகப் பாடினாலும் திருத்த முடியாமல் உட்கார்ந்திருந்தார். சொந்த வீடு, மனைவி, பிள்ளைகள் என்று யாரும் இல்லாதவருக்கு நாடகச் சபைதான் குடும்பம்.

1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். வயது 55. அங்கே கருவடிக்குப்பத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

அவர் போனபின் நடந்தது

வள்ளி திருமணம் அவர் நினைத்துப் பார்க்காத வேலையையும் செய்தது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் மேடை நடிகர் விஸ்வநாததாஸ், முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே தேசியப் பாடல்களைப் பாடினார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி, வெள்ளைக்காரனை விரட்டும் காட்சியாக மாறியது. பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே முருகன் வேஷத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

சினிமாவும் முதலில் இந்த மேடைக் கதைகளைத்தான் பிடித்துக்கொண்டது. எம்.கே.தியாகராஜ பாகவதர் திரையில் அறிமுகமான படம் 1934-ல் வந்த பவளக்கொடி. மேடையில் அவர் ஏற்கெனவே பெயர் வாங்கிய நாடகம் அது.

இன்றைக்கு என்ன மிச்சம்?

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் கோயில் திருவிழா என்றால் இன்றும் 'ஸ்பெஷல் நாடகம்' போடுவார்கள். இதில் கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு ஊர். சில நேரம் மேக்கப் போடும்போதுதான் முதல்முறை பார்த்துக்கொள்வார்கள். இரவு 10 மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும்.

எப்படி முடிகிறது? எல்லோரும் படித்தது ஒரே பாடம். சுவாமிகள் எழுதிய காட்சி வரிசை, பாட்டு, தர்க்கம் எல்லோருக்கும் மனப்பாடம். வேலன் எங்கே விட்டால் வள்ளி எங்கே எடுக்க வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் சேர்ப்பது அவரவர் சாமர்த்தியம். நடிகரின் வாய்க்குக் கடிவாளம் போட அவர் எழுதிய வசனம், கடைசியில் நடிகர்கள் தைரியமாக வாய் திறக்க ஒரு பிடிமானம் ஆகிவிட்டது.

கஷ்டமும் இருக்கிறது. சீசனில் வருமானம் வரும். மற்ற மாதங்களில் வேறு வேலை தேட வேண்டும். இரவு முழுக்க ஆண்களோடு மேடையில் நிற்கும் நடிகைகளைக் கூசாமல் கேலி பேசும் ஊர்களும் உண்டு. திருவிழா பட்ஜெட்டில் ஆர்கெஸ்ட்ராவும் டான்ஸ் நிகழ்ச்சியும் போட்டிக்கு நிற்கின்றன. கூத்தாடி என்று சுவாமிகள் காலத்தில் கேட்ட இளக்காரம் முழுசாகப் போய்விடவில்லை.

வருடாவருடம் நவம்பர் 13 நெருங்கினால் கருவடிக்குப்பம் நினைவிடத்துக்கு நாடகக் கலைஞர்கள் வருகிறார்கள். மாலை போட்டு, பூஜை செய்து, அவர் எழுதிய பாட்டையே பாடுகிறார்கள். அவரை நேரில் பார்த்த யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் அடுத்த திருவிழாவுக்கு அவர் எழுதிய வேஷத்தைக் கட்டித்தான் அதில் பலர் வீட்டில் அடுப்பு எரியப்போகிறது.