ஜெயித்த ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர்
(கார்ல் ஸ்னேவ்லி வாழ்க்கை வரலாறு)

சுவர் இதழில் இந்த மாதம் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றி எழுதுகிறேன். காந்தி, காமராசர், அப்துல் கலாம் எல்லாம் இருக்க இவர் யாரு புதுசா என்று கேட்பீர்கள். கடைசி வரை படியுங்கள், ஏன் என்று தெரியும்.

பிறப்பும் படிப்பும்

கார்ல் ஸ்னேவ்லி 1894-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அமெரிக்காவில் ஒமாஹா என்ற ஊரில் பிறந்தார். பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லெபனான் வேலி கல்லூரியில் படித்து 1915-இல் பட்டம் பெற்றார். பிறகு விளையாட்டுப் பயிற்சியாளர் ஆனார். 1927-இல் பக்னெல் பல்கலைக்கழகம், 1934-இல் வட கரோலினா பல்கலைக்கழகம், 1936-இல் கார்னெல் பல்கலைக்கழகம் என்று படிப்படியாக உயர்ந்தார்.

அவர் சொல்லிக் கொடுத்தது அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, நாம் உதைக்கிற பந்து இல்லை. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள். எதிரணிக்காரர்கள் நம்ம கபடி மாதிரியே பிடிச்சுக் கீழே தள்ளுவாங்க. அங்கே கல்லூரி ஆட்டம் என்றால் ஊரே திரண்டு வரும்.

ஸ்னேவ்லிக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. தன் அணியின் ஆட்டத்தைப் படம் பிடித்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். யார் எங்கே தப்பு செய்தார் என்று கண்டுபிடித்துத் திருத்துவார். இப்படிப் படம் பார்த்துப் பயிற்சி கொடுப்பதில் அவர் முன்னோடிகளில் ஒருவர். 1939-இல் கார்னெல் ஆடிய 8 ஆட்டத்திலும் வெற்றி. 1940 நவம்பரில் பார்த்தால், தொடர்ந்து 18 ஆட்டங்களில் அந்த அணி தோற்கவே இல்லை.

அந்த ஐந்தாவது வாய்ப்பு

1940 நவம்பர் 16, சனிக்கிழமை. ஹானோவர் என்ற ஊரில் டார்ட்மவுத் கல்லூரியோடு ஆட்டம். கார்னெல் சுலபமா ஜெயிக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் டார்ட்மவுத் 3, கார்னெல் 0.

அப்போது பந்து கார்னெல் கையில். எல்லைக் கோட்டுக்கு இன்னும் 6 கெஜம், அதாவது 18 அடிதான். விதிப்படி ஓர் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

முதல் மூன்று வாய்ப்பிலும் ஓடிப் பார்த்தார்கள். கோட்டுக்குக் கிட்டே வந்துட்டாங்க, தாண்ட முடியவில்லை. நடுவில் நேரத்தைத் தாமதம் செய்ததற்காக 5 கெஜம் பின்னால் தள்ளித் தண்டனையும் கிடைத்தது. நான்காவது வாய்ப்பில் பந்தை வீசினார்கள். டார்ட்மவுத் வீரர் தட்டி விட்டார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

ஆனால் நடுவர் ரெட் ஃப்ரீசெல் எண்ணிக்கையில் குழம்பிவிட்டார். முதலில் டார்ட்மவுத்துக்குப் பந்தைக் கொடுக்கப் போனவர், மனம் மாறி மறுபடியும் கார்னெலுக்கே கொடுத்தார். டார்ட்மவுத் வீரர்கள் மறுத்துப் பேசியும் பயனில்லை. இல்லாத அந்த ஐந்தாவது வாய்ப்பில் கார்னெல் பந்தை வீசிக் கோட்டுக்குள் பிடித்துவிட்டது. கடைசி விநாடிகளில் 7-க்கு 3 என்று கார்னெல் வெற்றி!

படம் சொன்ன உண்மை

ஆட்டம் முடிந்த பிறகு முடிவை மாற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை. வெற்றி வெற்றிதான், யாரும் பிடுங்க முடியாது. கார்னெல்காரர்கள் சும்மா இருந்திருந்தால் போதும்.

ஆனால் திங்கட்கிழமை அவர்கள் ஆட்டப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எத்தனை தடவை எண்ணினாலும் ஐந்துதான். மாணவர்களின் தப்பைக் கண்டுபிடிக்க ஸ்னேவ்லி எந்த வழியைக் கையாண்டாரோ, அதே வழி இன்று அவருக்குக் கிடைத்த வெற்றி தப்பு என்று காட்டிவிட்டது.

நடுவர் ஃப்ரீசெல்லும் தவறு தன்னுடையது மட்டுமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எவ்வளவு பெரிய நடுவர்! வேறு யார் மேலும் பழி போடவில்லை.

உடனே கார்னெல் பல்கலைக்கழகம் டார்ட்மவுத்துக்குத் தந்தி அடித்து வெற்றியை விட்டுக் கொடுத்தது. ஸ்னேவ்லியும் தனியாகத் தந்தி அனுப்பி, எந்த மறுப்பும் இல்லாமல் வெற்றி உங்களுடையதே என்று சொல்லி வாழ்த்தினார். 18 ஆட்டமாகக் கட்டிக் காத்த பெருமை ஒரு தந்தியில் போச்சு. மனசு எவ்வளவு கசந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. இன்று வரை பதிவேட்டில் டார்ட்மவுத் 3, கார்னெல் 0 என்றுதான் இருக்கிறது.

நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று கதைகளில் வரும். இங்கே அப்படி நடக்கவில்லை. அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 22-க்கு 20 என்று கார்னெல் தோற்றது.

பிற்காலம்

ஸ்னேவ்லி 1945-இல் வட கரோலினாவுக்குத் திரும்பிப் போய் அங்கே சிறந்த அணிகளை உருவாக்கினார். 1953 முதல் 1958 வரை செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அளித்தார். கல்லூரி ஆட்டங்களில் அவர் அணிகள் பெற்ற வெற்றி மொத்தம் 180. 1965-இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1975 ஜூலை 12-இல் தமது 80-ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து 15 வருடம் கழித்து, 1990 அக்டோபர் 6-இல் இதே மாதிரி இன்னொன்று நடந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தோடு ஆடிய கொலராடோ பல்கலைக்கழகம் ஐந்தாவது வாய்ப்பில் கோட்டைத் தாண்டி 33-க்கு 31 என்று வென்றது. அவர்கள் வெற்றியைத் திருப்பித் தரவில்லை. அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்திலும் பங்கு கிடைத்தது. ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பேசும்போதெல்லாம் ஐந்தாவது வாய்ப்பையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

தெரிந்துகொள்வோம்: நடுவர் முடிவை அப்போதே படம் போட்டுச் சரிபார்க்கும் முறை அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 2004-இல் சோதனையாகத் தொடங்கியது. 2006 முதல் பரவலாக வந்தது.

இதை ஏன் எழுதினேன்?

விளையாட்டு விழாவில் 9 'அ' பிரிவுக்கும் எங்கள் 'ஆ' பிரிவுக்கும் நடந்த பெண்கள் கபடியில் நாங்கள் 1 புள்ளியில் ஜெயித்தோம் இல்லையா? ஸ்கோர் எழுதியது நான்தான். போன வாரம் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஒரே புள்ளியை எங்கள் பக்கம் இரண்டு தடவை கூட்டியிருக்கிறேன். வேணும்னு செய்யலை. ஆனால் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது வேணும்னு செய்ததுதானே? மூன்று நாள் சரியாத் தூக்கம் வரலை. இந்தத் தாளை ஒட்டுவதற்கு முன்னாடியே நோட்டை பி.டி. சாரிடம் கொடுத்துவிட்டேன். 'அ' பிரிவுத் தோழிகளே, ஆட்டம் சமம். எங்கள் பிரிவுத் தோழிகளே, என் மேல் கோபப்படுங்கள், ஆனால் பேசாமல் மட்டும் இருந்துடாதீங்க.



– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி