20 ஆண்டுகள் ஜெபத்தில் தவித்தவர், தியானத்தின் ஆசான் ஆனது எப்படி? யார் இந்த அவிலா தெரேசா?

தியான ஆப்பைத் திறந்து 5 நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று கண் டைமருக்குப் போகும். இந்த அவஸ்தை ஸ்மார்ட்போனோடு வந்ததல்ல. 16-ம் நூற்றாண்டு ஸ்பெயினில், மதில் சூழ்ந்த அவிலா நகரின் கன்னியர் மடம் ஒன்றில் இருந்த தெரேசாவுக்கும் இதே பிரச்சினைதான். ஜெப நேரம் முடிந்து மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் ஏராளம் என்று பின்னாளில் அவரே எழுதிவைத்தார். ஜெப அறைக்குள் போவதற்கே சில நாள் மனதைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்ததாம்.

கிறிஸ்தவத் தியான மரபில் இன்று முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது. கொல்கத்தா அன்னை தெரசா வேறு, இவர் வேறு; இவர் காலத்தால் சுமார் 400 ஆண்டுகள் மூத்தவர்.

தெரேசா பிறந்தது 1515 மார்ச் 28. தாத்தா யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர். ரகசியமாக யூத வழக்கங்களைக் கடைப்பிடித்ததற்காக, 1485-ல் தொலேதோ நகரில் இன்குவிசிஷன் எனும் மத விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. தண்டனை அங்கியோடு ஊர் பார்க்க ஏழு வெள்ளிக்கிழமைகள் தேவாலயம் தேவாலயமாக நடக்க வேண்டியிருந்தது. பிறகு குடும்பம் அவிலாவில் குடியேறி, துணி வியாபாரம் செய்து, காசு செலவழித்து உயர்குடி அந்தஸ்தும் வாங்கிவிட்டது. இந்தப் பின்னணி வெளியுலகுக்குத் தெரிந்ததே 20-ம் நூற்றாண்டில்தான். தெரேசா தன் எழுத்தில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

1535-ல் அப்பாவுக்குத் தெரியாமல் விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய். 1539-ல் நான்கு நாட்கள் நினைவே இல்லை. இறந்துவிட்டார் என்று குழிகூடத் தோண்டிவிட்டார்கள். பிழைத்தார். ஆனால், கை கால் சரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆனது.

அந்த நோய்க் காலத்தில் அப்பாவின் சகோதரர் ஒருவர் கொடுத்த புத்தகம்தான் திருப்புமுனை. பிரான்சிஸ்கோ தெ ஒசூனா என்ற துறவி எழுதியது. மனப்பாடமாக ஒப்பிக்காமல், மனதை உள்ளே திருப்பி அமைதியாக ஜெபிக்கும் முறையை அது சொன்னது. தெரேசா அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மனம் ஒத்துழைக்கவில்லை. ஒருகட்டத்தில், தனக்கு இதற்கு அருகதையில்லை என்று சொல்லி ஓராண்டுக்கும் மேல் நிறுத்தியேவிட்டார். அப்பா இறந்த பிறகு ஒரு துறவியின் அறிவுரையில் மீண்டும் தொடங்கினார். இழுபறி ஓயவில்லை. 1554-ல், காயம்பட்ட கிறிஸ்துவின் சிலை ஒன்றின் முன் உடைந்து அழுத பிறகுதான் ஏதோ ஒன்று திறந்தது. அப்போது அவருக்கு வயது 39.

மௌனமாக ஜெபிப்பது குற்றமா?

சும்மா கண்ணை மூடி ஜெபிப்பதில் என்ன ஆபத்து? அன்றைய ஸ்பெயினில் நிறையவே இருந்தது. வாய்விட்டுச் சொல்லும் ஜெபத்தைப் பாதிரியார் கேட்கலாம், திருத்தலாம். மௌனத்தை யார் கண்காணிப்பது? சடங்குகள் வேண்டாம், கடவுள் நேரடியாகவே உள்ளத்தில் பேசுகிறார் என்ற ‘ஒளிபெற்றவர்கள்’ இயக்கத்தை 1525-லேயே இன்குவிசிஷன் கண்டித்திருந்தது. அதில் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். 1559-ல் ஸ்பானிய மொழியில் இருந்த ஏராளமான ஜெப நூல்கள் தடை செய்யப்பட்டன. லத்தீன் தெரியாத தெரேசாவுக்கு அது பெரிய அடி. யூத வம்சம், பெண், போதாக்குறைக்குத் தரிசனங்கள் வேறு. அவை பிசாசின் வேலை என்று சொன்ன குருக்களும் உண்டு.

இந்தச் சூழலில் அவர் செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. 1562-ல் அவிலாவிலேயே புனித சூசையப்பர் பெயரில் ஒரு சின்ன மடம் தொடங்கினார். பழைய மடத்தில் ஏறக்குறைய 180 பேர், எந்நேரமும் விருந்தாளிகள். இங்கே வெறும் 13 பேர் போதும் என்றார். மடத்தை மூடச் சொல்லி நகர சபை கொதித்தது. மடத்தின் சகோதரிகளுக்காக ‘முழுமையின் வழி’ என்ற நூலை எழுதினார். அதில் மௌன ஜெபத்தைக் கற்றுக்கொடுக்க அவர் எடுத்துக்கொண்டது, இயேசு சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த, எல்லோருக்கும் மனப்பாடமான அதே ஜெபத்தை. யாரிடம் பேசுகிறோம் என்ற நினைப்போடு அதன் ஒவ்வொரு வரியையும் மெதுவாகச் சொன்னால், அதுவே மன ஜெபம்தான் என்பது அவர் வாதம். அந்த ஜெபத்தை எந்த மன்றம் தடை செய்ய முடியும்? அதே நூலின் முதல் வடிவத்தில், பெண்களை நம்பாத ஆண் நீதிபதிகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. தணிக்கை செய்தவர் அதை அடித்துவிட்டார். அடுத்த வடிவத்தில் அது இல்லவே இல்லை.

தியானத்தை விளக்க அவர் எடுத்த உதாரணம் நம் தோட்டக்காரருக்கும் புரியும். மனம் ஒரு தோட்டம். முதலில் கிணற்றில் வாளி வாளியாக இறைக்க வேண்டும், முதுகு ஒடியும். அடுத்து நீர்ச்சக்கரம், கொஞ்சம் சுலபம். பிறகு ஓடைத் தண்ணீர். கடைசியில் மழை; அதில் நம் உழைப்பு எதுவுமே இல்லை. கிணறு வற்றிக்கிடக்கும் நாட்களிலும் வாளியை இறக்குவதை நிறுத்தாதே என்பதுதான் ஆரம்பகட்டத்தில் இருப்பவர்களுக்கு அவர் சொன்னது. 20 ஆண்டுகள் வறண்ட கிணற்றில் இறைத்தவர் சொல்வதால், இது வெறும் அட்வைஸ் போல இல்லை.

பறிபோன புத்தகம், பிறந்த புத்தகம்

இந்தத் தோட்ட உதாரணம் இருப்பது அவரது சுயசரிதையில். அதன் பிரதி எபோலி இளவரசியின் கைக்குப் போனது. கணவர் இறந்ததும் தெரேசாவின் பாஸ்த்ரானா மடத்தில் சேர்ந்து, அங்கேயும் இளவரசியாகவே இருந்தவர் அவர். தொல்லை தாங்காமல் 1574-ல் சகோதரிகள் இரவோடு இரவாக மடத்தையே காலி செய்தார்கள். கோபத்தில் இளவரசி புத்தகத்தைப் பற்றி இன்குவிசிஷனிடம் புகார் செய்தார். கைப்பிரதி அங்கே போனது. தெரேசா உயிரோடு இருந்தவரை திரும்பவில்லை. செவில்லே நகரில் அவர்மீது தனி விசாரணையும் நடந்தது.

அந்தப் புத்தகம் கையில் இல்லாததால், புதிதாக ஒன்று எழுதும்படி அவரது மேலாளரான கிராசியான் சொன்னார். 62 வயது, தலைக்குள் ஓயாத இரைச்சல். 1577 ஜூன் 2-ல் தொடங்கி நவம்பர் 29-ல் முடித்தார். மனித ஆன்மாவை ஏழு அடுக்கு அறைகள் கொண்ட கோட்டையாகக் காட்டும் ‘அகக் கோட்டை’ அதுதான். சொந்த அனுபவம் வரும் இடங்களில் எல்லாம் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்ததாக எழுதினார். கவனம் சிதறுவதைப் பற்றி அவர் சொன்னதும் இதில்தான்: மனம் மாவு மில் மாதிரி சத்தம் போட்டால் போடட்டும், நாம் பாட்டுக்கு மாவு அரைப்போம்.

மொத்தம் 17 மடங்கள். பெரும்பாலும் மாட்டு வண்டி, கோவேறு கழுதைப் பயணம். கடைசிப் பயணம் ஆல்பா தெ தோர்மெஸ் ஊரோடு முடிந்தது. 1582 அக்டோபர் 4 இரவு அவர் இறந்தார்; மறுநாள் தேதி அக்டோபர் 15. நடுவில் இருந்த 10 நாட்களை அன்றுதான் புதிய கிரிகோரியன் காலண்டர் விழுங்கியிருந்தது. அதனால்தான் அவரது திருவிழா 15-ம் தேதி வருகிறது.

1588-ல் அவரது நூல்கள் அச்சாகின. 1622-ல் புனிதர் பட்டம். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாருக்கும் அதே நாளில்தான். 1970-ல் போப் ஆறாம் பால், திருச்சபையின் ‘மறைவல்லுநர்’ என்று அவரை அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் இவர். இன்குவிசிஷன் பிடித்துவைத்திருந்த சுயசரிதைக் கைப்பிரதியை, மன்னர் இரண்டாம் பிலிப் தன் எஸ்கோரியல் நூலகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.