வேறொருவர் இருதயத்துடன் 18 நாள்!
மளிகைக் கடைக்காரர் வாஷ்கான்ஸ்கியின் கதை

இருதயம் நன்றாகத் துடித்தது. ஆனால், மனிதர் இறந்து போனார்!

அவர்தான் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி. லிதுவேனியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தென் ஆப்பிரிக்காவில் குடியேறினார். கேப்டவுன் நகரில் மளிகைக் கடை வைத்தார். இரண்டாவது உலகப் போரில் சிப்பாயாகப் பணிபுரிந்தார். நல்ல கட்டுமஸ்தான உடம்பு.

அந்த உடம்பை நீரிழிவு நோய் பிடித்தது. மாரடைப்பும் பல தடவை வந்தது. 1967-ம் ஆண்டில், குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 50-க்கு மேல்.

"மாற்று இருதயம் பொருத்தலாமா?" என்று டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் கேட்டார். அதுவரை உலகில் யாரும் மனித இருதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தியதில்லை. ஆனாலும், வாஷ்கான்ஸ்கி உடனே சம்மதித்தார்.

தந்தையின் தியாகம்

டிசம்பர் 2-ந் தேதி, டெனிஸ் டார்வால் என்ற 25 வயதுப் பெண் கார் மோதி விழுந்தாள். மூளை அடியோடு சிதைந்தது. அவளுடைய தாயும் அதே விபத்தில் மாண்டாள். மனைவியைப் பறிகொடுத்த தந்தை, மகளின் இருதயத்தைக் கொடுக்க இசைந்தார்.

மறுநாள் அதிகாலை ஆபரேஷன் முடிந்தது. புதிய இருதயம் துடித்தது! உலகமே வியந்தது.

கட்டப்பட்ட காவல்காரன்

நமது உடம்பில் ஒரு காவல் சக்தி உண்டு. அது நோய்க் கிருமிகளை விரட்டும். பிறர் உறுப்பையும் பகை என்று எண்ணித் தாக்கும். ஆகவே, டாக்டர்கள் மருந்து கொடுத்து அந்தக் காவல்காரனைக் கட்டிப் போட்டார்கள். இருதயம் தப்பியது. ஆனால், கிருமிகளுக்கு வழி திறந்தது.

நுரையீரலில் நிழல் தெரிந்தது. உடம்பு புதிய இருதயத்தை வெறுக்கிறது என்று டாக்டர்கள் நினைத்தார்கள். காவலை அடக்கும் மருந்தைக் கூட்டினார்கள். உண்மையில் அது நிமோனியா! டிசம்பர் 21-ந் தேதி வாஷ்கான்ஸ்கி மாண்டார். கடைசிவரை இருதயம் சோரவில்லை.

இன்றைய ஆபத்து

அவரைக் கொன்றவை குளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்னும் கிருமிகள். இன்று ஆபரேஷன் முறைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. பல மருந்துகளுக்கு அவை இப்போது மசிவதில்லை. மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டபடி சாப்பிட்டால், கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிக் கொள்ளும். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். அந்த மருந்தை நம்பித்தான், எங்கோ ஒருவர் வேறொருவர் இருதயத்துடன் உயிர் வாழ்கிறார்!