உதிர்ந்த கலங்களை வாசித்த பாப்பனிக்கோலாவு

நெஞ்சில் நீர் கட்டியிருப்பதாக வைத்தியர் கூறியதும் ஒரு குடும்பத்தை வாட்டும் முதல் வினா, இது காசநோயா, புற்றுநோயா என்பதே. நுரையீரலைச் சூழ்ந்த இரு உறைகளுக்கிடையே தேங்கும் அந்நீரை ஊசியால் எடுத்து, அதில் மிதக்கும் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து விடை காண்கின்றனர். இவ்வாய்வை நம்பத்தக்க கலையாக்கியவர்களுள் முதன்மையானவரான ஜோர்ஜ் பாப்பனிக்கோலாவு, நமது திருகோணமலையைப் போலவே கடலோரத்து ஊரொன்றில் பிறந்தவர் என்பதை இங்கு பலர் அறியார்.

கிரேக்கத்தின் யூபோயா தீவிலுள்ள கைமி என்னும் ஊரில் 1883 மே 13 இல் அவர் பிறந்தார். தந்தையும் வைத்தியரே. ஏதென்சில் 1904 இல் மருத்துவம் முடித்த மகனோ, ஊரில் தொழில் பார்ப்பதை விட்டு ஆய்வை நாடி ஜேர்மனி சென்று, 1910 இல் மியூனிச்சில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1913 இல் மனைவி அண்ட்ரோமாக்கியுடன் நியூயோர்க்கில் இறங்கியபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பட்டதாரி வைத்தியர் கடையில் கம்பளம் விற்றார். மனைவி பொத்தான் தைத்தார். புலம்பெயர் வாழ்வை அறிந்த நம்மவர்க்கு இது புதிய கதையன்று. மறு ஆண்டே கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

அங்கு கினிப் பன்றிகளில் தொடங்கிய கல ஆய்வு, 1920 அளவில் பெண்களின் கருப்பைக் கழுத்துக் கலங்களை நோக்கித் திரும்பியது. மனைவியே ஆண்டுக்கணக்கில் மாதிரி வழங்கினார். உதிர்ந்த கலங்களைக் கொண்டே புற்றுநோயை அறியலாமென 1928 இல் அவர் அறிவித்தபோது நோயியலாளர் செவிசாய்க்கவில்லை. ஹேர்பட் டிராவுட்டுடன் 1941 இல் கட்டுரையும் 1943 இல் நூலும் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

உடல்நீரில் புற்றுக் கலங்களை முதலில் கண்டவர் அவரல்லர். 19 ஆம் நூற்றாண்டின் ஜேர்மானிய வைத்தியர்கள் அதைக் கண்டிருந்தனர். ஆனால் பூச்சு உலருமுன் அற்ககோலில் பதப்படுத்தி, கருவைத் தெளிவாகக் காட்டும் பலவண்ணச் சாயமிடும் முறை அவருடையது. 1942 இல் வெளியானது. 1954 இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுப்பு சளி, சிறுநீர், நெஞ்சு நீர் யாவற்றின் கலங்களையும் படம்பிடித்துக் காட்டியது.

எனினும் நெஞ்சு நீர் எளிதில் ஏமாற்றும். சில அழற்சிகளில் உறையின் சொந்தக் கலங்களே பெருத்துப் புற்றுக் கலம் போலத் தோன்றும். அதனாலேயே இன்று நீரைச் சுழற்றி, அடியில் படிவதை மெழுகுக் கட்டியாக்கி மெல்லிய சீவல்களாக வெட்டி, பிறபொருளெதிரிச் சாயங்களால் பிரித்தறிகின்றனர். அவ்வாறிருந்தும், புற்றால் நீர் கட்டியோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேரிலேயே முதற் பரிசோதனையில் விடை கிடைக்கிறது. 'கலம் காணப்படவில்லை' என்ற அறிக்கையை 'புற்று இல்லை' எனக் கொண்டு வீடு திரும்புவது ஆபத்தானது.

துறைமுகவாசிகளான நாம் இன்னொன்றையும் கருத வேண்டும். பழைய கப்பல்களின் கொதிகலன்களில் கல்நார் சுற்றப்பட்டிருந்தது. அத்தூசியைச் சுவாசித்த கப்பற் தொழிலாளரிடம், பல தசாப்தங்களின் பின் நுரையீரல் உறையிலேயே புற்று தோன்றுவது உலகெங்கும் பதிவாகியுள்ளது. அதை நீரில் மட்டும் பார்த்து உறுதிசெய்வது கடினம். பெரும்பாலும் உறைத் துண்டும் தேவைப்படும். ஆகவே செய்த தொழிலை வைத்தியரிடம் மறைக்காமல் கூறுவது நோயாளியின் கடமை.

நொபெல் பரிசு பாப்பனிக்கோலாவுக்குக் கிட்டவில்லை. 1961 இன் இறுதியில் மியாமியில் புற்றுநோய் ஆய்வு நிலையமொன்றின் பொறுப்பை ஏற்றவர், சில மாதங்களில், 1962 பெப்ரவரி 19 இல் மாரடைப்பால் காலமானார். அந்நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் கிரேக்கத்தின் 10,000 திராக்மா நாணயத்தாளில், யூரோ வரும்வரை, அவரது முகம் இருந்தது.